ஸ்பிரிங் சொல்லும் கணக்கு



அந்தமானின் ஜங்லிகாட் பக்கம் மீன் வாங்கப் போகிறவர்களுக்கு ஸ்பிரிங் தராசு புதிதல்ல. அதில் கிலோவுக்குக் கிலோ ஒரே இடைவெளிதான். முதல் கிலோவுக்கு ஸ்பிரிங் எவ்வளவு நீளுமோ, ஐந்தாவது கிலோவுக்கும் அவ்வளவே நீளும். 1678இல் ராபர்ட் ஹூக் நூலாக எழுதிவைத்த விதி இது. கணக்குப் பாடத்தில் வரும் நேரியல் உறவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இதை வகுப்பறைக்குக் கொண்டுவரப் பெரிய செலவில்லை. மெல்லிய ஸ்பிரிங், காகிதக் குவளை, அளவுகோல், ஒரு ரூபாய் நாணயங்கள் போதும். 2011இல் வந்த வரிசையின் ஒரு ரூபாய் நாணயம் ஒவ்வொன்றும் 3.79 கிராம்; ஒரே வரிசை நாணயங்களாக எடுத்துக்கொண்டால் எடைக்கல்லைத் தேடி அலைய வேண்டாம். ஐந்தைந்து நாணயமாகப் போட்டு, ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து, வரைபடத்தாளில் புள்ளி வைக்க வேண்டும். ஒரு நாணயத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் நீண்டது என்பதே சாய்வு. நாணயம் போடுவதற்கு முன் இருந்த நீளமே கோடு அச்சை வெட்டும் இடம். அதன்பின் கரும்பலகையில் 'ஒய் = எம்எக்ஸ் + சி' என்று எழுதினால், எம்மும் சியும் பிள்ளைகள் கையால் அளந்த அளவுகள்.

மலிவான பொருள்களைக் கொண்டு பிள்ளைகளையே கண்டுபிடிக்க வைக்கும் இந்த வழிக்குத் தமிழில் முன்னோடி உண்டு: 1993இல் சென்னை ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமைத்த கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன்.

இம்முறை கெட்டுப்போகும் இடமும் உண்டு. சூத்திரத்தை முதலில் சொல்லிவிட்டுச் சோதனையைப் பிறகு செய்தால், பிள்ளைகள் கோட்டுக்குத் தோதாகப் புள்ளியை நகர்த்திவிடுவார்கள். விலகி நிற்கும் புள்ளியில்தான் பாடமே இருக்கிறது. அளந்த கை பிசகியதா? ஸ்பிரிங் தாங்கும் எல்லை தாண்டியதா? ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பேண்டை மாட்டினால் கோடு வளையும்.

வளைவுக்கு நம் கடலே இருக்கிறது. துறையில் நீர்மட்டத்தை மணிக்கொரு முறை குறித்தால், நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் வரைபடம் கிடைக்கும். ஏற்றத்தின் உச்சியில் சாய்வு ஏறக்குறைய சுழி. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவில் மிகச் செங்குத்து. நுண்கணிதத்தின் வாசல் அது.

ஸ்பிரிங் சோதனைக்கு ஒரு பாடவேளை போதாது. நாலு பேருக்கு ஒரு ஸ்பிரிங்காவது வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் அளக்க மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பிள்ளைக்குப் புரிந்ததா என்று அறிய, இதுவரை போடாத ஓர் எண்ணிக்கையைச் சொல்லி நீளத்தை முன்கூட்டியே கேளுங்கள். பிறகு நாணயங்களைப் போட்டு அளக்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை ஸ்பிரிங்கே போட்டுவிடும்.