பதினாறாம் நாளுக்குப் பிறகு

(செபராங் பிறை வட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்த ஆலயப் பொறுப்பாளர்கள், மாதர் பிரிவினர், இளைஞர் மன்றத்தினர் ஆகியோருக்காகப் பினாங்கு, ஜார்ஜ் டவுனில் நடைபெற்ற கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



தகவல் அதிகாரி வருகிறார் என்றால் வீட்டுடைமைத் திட்டம், அடையாள அட்டை, பிள்ளைகளின் உதவித்தொகை ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது கூட்டங்களில் எவரும் பேசாத ஒரு பொருள். ஒரு வீட்டில் சாவு நேர்ந்த பின் எஞ்சியிருப்போர் எவ்வாறு நாள்களைக் கடத்துகிறார்கள்? அவர்களுள் ஒருவர் வாழ்வே வேண்டாம் என்று எண்ணும் நிலைக்கு வந்துவிட்டால் நாம் யாரை அழைப்பது, எங்கே செல்வது? இவையே அப்பொருள்.

தோட்டத்தில் ஒரு சாவு என்றால் என்ன நடக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் பெரட்டு கூடுவதற்கு முன்பே லயம் முழுதும் செய்தி பரவிவிடும். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அடுத்த வீட்டு அடுப்பில் அவர்களுக்கும் சேர்த்துச் சோறு வேகும். இளைஞர்கள் பந்தல் போடுவார்கள். மூதாட்டிகள் ஒப்பாரி வைத்து, அழ முடியாமல் உறைந்து போனவளையும் அழ வைத்துவிடுவார்கள். கருமக்கிரியை முடியும் வரையில் அந்த வீட்டார் தனித்து விடப்படுவதில்லை. ‘படிக்காத மக்களின் பழக்கம்’ என்று இதனைச் சிலர் ஒதுக்குவதுண்டு. என் எண்ணத்தில் இதைவிடச் சிறந்த ஆறுதல் முறையை எந்தக் கல்லூரியும் கற்றுத் தந்துவிட முடியாது.

ஆனால் அந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. பதினாறாம் நாள் பந்தல் பிரிக்கப்படுகிறது. வாடகை நாற்காலிகள் திரும்பிப் போகின்றன. உறவினர் வேலைக்குத் திரும்புகிறார்கள். அதுவரை வேலையாகவும் சடங்காகவும் நிறைந்திருந்த வீட்டில் திடீரென ஓசை அடங்கிவிடுகிறது. பெரும்பாலோர்க்கு உண்மையான துயரம் தொடங்குவது அந்த நாளில்தான்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடலாகாது. அந்த முறை லயத்தை நம்பியிருந்தது. பத்து காவானில் செம்பனை நின்ற இடங்களில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. பினாங்கு மாநிலத்துத் தோட்டக் குடும்பங்கள் பல, பிறையிலும் பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்தாஜாமிலும் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறிவிட்டன. பன்னிரண்டாம் மாடியில் ஒருவர் இறந்தால் பதினொன்றாம் மாடியில் இருப்பவர்க்குத் தெரிவதில்லை. லயத்தை விட்டு வந்த மக்கள், லயத்தின் ஆறுதலையும் அங்கேயே விட்டு வந்திருக்கிறார்கள்.

சடங்கு செய்யக் கொடுத்துவைக்காத துயரத்தையும் நம் மக்கள் அறிவார்கள். 1942 முதல் 1943 வரை ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் நோயாலும் பசியாலும் மாண்டவர்களுக்குக் கணக்கு வைத்தவர் இல்லை. திரும்பி வராத கணவனுக்கு எந்த நாளில் திதி கொடுப்பது? பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா? உடலும் இல்லை, நாளும் இல்லை, செய்தியும் இல்லை. இந்நிலையில் பல்லாண்டுகள் காத்திருந்த பெண்கள் நம் பாட்டிமார்களிடையே இருந்தார்கள். அவர்களுடைய துயரத்திற்கு ஒரு பெயர் கூட எவரும் இட்டதில்லை.

அதன் சாயலை நாம் அண்மையிலும் கண்டோம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபின், கோவிட் தொற்றினால் இறந்தவர்களின் முகத்தைக் கூடக் காண முடியாமல் போன குடும்பங்கள் பல. ஒப்பாரியும் இல்லை, பந்தலும் இல்லை. அழ வேண்டிய காலத்தில் அழ முடியாதவர்கள் அந்தக் கண்ணீரை இன்னும் சுமந்துகொண்டிருக்கக்கூடும். உங்கள் தோட்டத்தில் அத்தகையோர் இருந்தால், ஆண்டுகள் கடந்துவிட்டனவே என்று எண்ணாமல் அவர்களைச் சென்று காணுங்கள்.

துயரம் நோயன்று. ஒருவர் இறந்தபின் உறக்கம் கெடுவதும், சோறு இறங்காததும், இறந்தவரின் குரல் கேட்பதுபோல் தோன்றுவதும் இயல்பே. நாள் செல்லச் செல்ல இவை தணியும். தணியாமல் ஆறு மாதங்களுக்கு மேலும் அதே கடுமையோடு நீடித்து, வேலை, வீடு, குளியல், உணவு அனைத்தையும் குலைத்துவிடுமானால், மருத்துவ உதவி தேவைப்படும் நிலை அது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் இந்நிலையும் இடம்பெற்றுள்ளது. ஆண்கள் இதனைக் குடியில் மறைத்துக்கொள்கிறார்கள். மனைவியை இழந்த மறுமாதத்திலிருந்து ஒருவர் நாள்தோறும் குடிக்கத் தொடங்கினால், ‘கெட்டுப்போனார்’ என்று ஊர் பேசுகிறது. அவர் அழுதுகொண்டிருக்கிறார் என்று எவரும் சொல்வதில்லை.

இனி, பேசுவதற்கே நாம் அஞ்சும் பகுதிக்கு வருகிறேன்.

உலகில் ஆண்டுதோறும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் 2023இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ பத்து லட்சம் பேர், மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருந்ததைக் கண்டறிந்தது. நமக்கு அறிமுகமான முகங்களும் இக்கணக்கில் அடங்கும்.

‘சாக வேண்டும் போல் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? ‘சீ, அப்படியெல்லாம் பேசாதே’ என்று வாயை அடைக்கிறோம். பிள்ளைகளை நினைத்துப் பார் என்று அறிவுரை கூறுகிறோம். அவரும் அதன்பின் பேசுவதில்லை. எண்ணம் மட்டும் போவதில்லை. இத்தகையவரிடம், ‘உயிரை விட்டுவிடலாம் என்று எண்ணுகிறாயா?’ என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற அச்சம் தவறானது என்பதை இத்துறையின் ஆய்வுகள் காட்டியுள்ளன. கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்குப் பெரிய ஆறுதல். அவர் ‘ஆம்’ என்று சொன்னால் திடுக்கிட வேண்டாம். தனியே விட்டுவிடவும் வேண்டாம். அருகில் அமருங்கள். வீட்டில் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அளவுக்கு மிஞ்சிய மாத்திரைகளோ இருந்தால் அவற்றை அப்புறப்படுத்துங்கள். பிறகு உதவியை அழையுங்கள்.

பூச்சிமருந்தைப் பற்றி ஒரு சொல். தோட்டத்து மருந்துகள் தோட்டத்துக் கிடங்கிலேயே பூட்டப்பட்டிருக்க வேண்டும். கொல்லையில் தெளிப்பதற்கென்று போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். இலங்கையில் 1995ஆம் ஆண்டளவில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. அந்நாட்டு அரசாங்கம் மிகக் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த பின் அவ்விகிதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அந்நாட்டு மக்களின் துன்பம் அதே அளவில் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். உயிரைப் போக்கிக்கொள்ளும் எண்ணம் பெரும்பாலும் ஓர் அலைபோல எழுந்து அடங்குவது. அந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லையென்றால் உயிர் தப்புகிறது. தப்பியவர்களுள் மிகப் பெரும்பாலோர் பின்னர் வாழவே செய்கிறார்கள்.

உதவியை அழைக்க நம் மக்கள் தயங்கியதற்கு ஒரு பெருங்காரணம் சட்டம். தண்டனைச் சட்டத் தொகுப்பின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்க இடந்தந்தது. பிரிட்டிஷார் காலத்தில் வந்த சட்டம் அது. பிரிட்டனே 1961இல் தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது. இலங்கை 1998இல் நீக்கியது. சிங்கப்பூரில் 2020இல் அது மறைந்தது. நம் நாடாளுமன்ற மக்களவை 2023 மே 22ஆம் நாள் அப்பிரிவை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 11 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆகவே தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் இன்று குற்றவாளி அல்லர். அவர் சிகிச்சை பெற வேண்டியவர். ‘தெரியாமல் குடித்துவிட்டான்’ என்று மருத்துவரிடம் பொய் சொல்லும் தேவை இனி இல்லை. உண்மையைச் சொன்னால்தான் சரியான மருத்துவமும் கிடைக்கும். இச்செய்தி இன்னும் பல தோட்டங்களை எட்டவில்லை என்பதால்தான் இதனை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். அதே ஆண்டு மனநலச் சட்டமும் திருத்தப்பட்டது. அதன்படி போலீஸார் மட்டுமின்றித் தீயணைப்புத் துறையினர், பொதுத் தற்காப்புப் படையினர், சமூக நல அதிகாரிகள் ஆகியோரும் இத்தகைய நெருக்கடி வேளையில் தலையிட்டு ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல அதிகாரம் பெற்றிருக்கிறார்கள்.

எங்கே செல்வது? உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999ஐ அழையுங்கள். அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தீவில் ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு மருத்துவமனை இருக்கிறது. பெருநிலத்தில் செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பாக்காப், கெப்பாலா பத்தாஸ் ஆகிய இடங்களில் மருத்துவமனைகள் உள்ளன. அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கும்.

உடனடி ஆபத்து இல்லை, ஆனால் மனம் தாளவில்லை என்றால் அருகிலுள்ள அரசு மருந்தகமே முதற்படி. குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். ‘தலைவலி’ என்று சொல்லிக்கொண்டு போய் மாத்திரையோடு திரும்பிவிடாமல், ‘மகன் இறந்தபின் என்னால் உறங்க முடியவில்லை, வாழவே பிடிக்கவில்லை’ என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். தேவையானால் அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்கள். மனநல மருத்துவர் என்றதும் ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஏற்றிவிடுவார்கள்’ என்ற அச்சம் நம்மிடையே உண்டு. பிள்ளைகள் கூட அப்பெயரை வசைச்சொல்லாக்கிவிட்டார்கள். 1911இல் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனை இன்று பஹாகியா மருத்துவமனை என்று வழங்குகிறது. துயரத்திற்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் வந்து போகும் நோயாளிகளே. வீட்டிலிருந்து கொண்டே மருந்தும் ஆலோசனையும் பெறுகிறார்கள்.

தொலைபேசி வழியாகவும் உதவி உண்டு. 1953இல் லண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், மனமுடைந்தவர்கள் எந்நேரமும் அழைத்துப் பேசலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். சமாரிட்டன்ஸ் என்ற அந்த இயக்கத்தின் வழியில், கொழும்பில் 1974இல் சுமித்ரயோவும், சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகாவும் தோன்றின. நம் நாட்டில் 1970இல் கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் தொடங்கியது. பினாங்கிலும் அதற்குத் தனி அமைப்பு உண்டு. கோலாலம்பூரின் 03-7627 2929 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அங்கே தொலைபேசியை எடுப்போர் பயிற்சி பெற்ற தொண்டர்கள். பெயர் கேட்க மாட்டார்கள், மதம் பேச மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். காது கொடுத்துக் கேட்பார்கள். கேட்டதை வெளியில் சொல்ல மாட்டார்கள். தமிழில் பேச விரும்புவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த வேளையில் தமிழறிந்தவர் இல்லையென்றால் எப்போது இருப்பார் என்று கேட்டு மீண்டும் அழையுங்கள். ஒரு முறை வாய்க்கவில்லை என்று விட்டுவிட வேண்டாம். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் ‘தாலியான் காசே’ எண் 15999. இதுவும் 24 மணி நேரச் சேவை. சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய மனநல உதவி எண் 15555.

உதவி கேட்பது மானக்கேடு என்பார்க்கு ஒன்று நினைவூட்டுவேன். 2021இல், பெருந்தொற்றின் நடுவே உணவுக்கு வழியற்றவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். கொடியைக் கண்டவர்கள் இனம் பாராமல் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து வைத்தார்கள். வயிற்றுக்குக் கொடி கட்டத் தெரிந்த மக்களுக்கு மனத்துக்கும் கட்டத் தெரியாமலா போகும்?

ஆலய நிர்வாகத்தினரிடம் ஒரு தனி வேண்டுகோள். தற்கொலையால் ஒருவரை இழந்த வீட்டுக்குத் துயரம் இருமடங்கு. ஊர் காரணம் தேடுகிறது. மாமியாரையோ மருமகளையோ கடனையோ காதலையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றல்ல, பல. அந்தக் குடும்பத்தார் தாமாகவே, ‘நான் அன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால்’ என்று இரவெல்லாம் தம்மை வாட்டிக்கொள்கிறார்கள். சாவு எப்படி நேர்ந்தது என்று பாராமல், பிற சாவு வீடுகளுக்குச் செய்யும் மரியாதையை ஆலயம் அந்த வீட்டுக்கும் செய்ய வேண்டும். வீண்பேச்சை முதலில் நிறுத்த வேண்டியவர்கள் நிர்வாகத்தினரே.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன், அந்தப் பழக்கம் விடுவதில்லை. என் வகுப்பில் ஒரு சிறுவனிடம் ‘அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார்’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் அவன் அப்பாவை எதிர்பார்த்தான். வராதபோது, தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டான். குழந்தைக்கு உண்மையை எளிய சொற்களில் சொல்லுங்கள்: அப்பா இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார், அது உன் குற்றமன்று. வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள், இடைநிலைப் பள்ளிகளில் ஆலோசக ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக, செயல். ஒவ்வோர் ஆலயத்திலும் சாவு வீடுகளின் பெயரும் நாளும் எழுதிய ஒரு குறிப்பேடு இருக்கட்டும். நாற்பதாம் நாள், நூறாம் நாள், ஆறாம் மாதம், ஓராண்டு ஆகிய நாள்களில் மாதர் பிரிவிலிருந்து இருவர் அந்த வீட்டுக்குச் சென்று ஒரு மணி நேரம் அமர்ந்து வரட்டும். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். மறக்கடிக்க முயல வேண்டாம். கணவனை இழந்தவளைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முதல் நாளே போய்ப் பாருங்கள். பண்டிகை நாள்களே அவளுக்குக் கடினமானவை.

நான் கூறிய எண்கள் பெரிய எழுத்தில் அச்சிட்டு வாயிலருகே மேசையில் வைக்கப்பட்டுள்ளன. ஆளுக்கு மூன்று எடுத்துச் செல்லுங்கள். ஒன்று ஆலய அறிவிப்புப் பலகைக்கு, ஒன்று கடைக்கு, ஒன்று உங்கள் வீட்டுக்கு. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் நான்காவது ஒன்றையும் எடுத்து மின்தூக்கியின் அருகே ஒட்டுங்கள்.