கடைசித் தெருக் குழாயிலிருந்து



பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறக்கச் சொல்லி 1923இலேயே பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆனாலும் மகாடின் சவுதார் குளத்தில் நம் மக்கள் தண்ணீர் அள்ள, 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கரே இறங்க வேண்டியிருந்தது. தாளுக்கும் தண்ணீருக்கும் இடையிலான அந்தத் தூரத்தை ஒசூரிலிருந்து இன்றும் அளக்கிறோம்.

பெங்களூரின் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளுகிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. அதனால்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் காவிரியைக் கொண்டுவந்தது. வரவேற்கிறோம்.

ஆனால் பல கிராமங்களில் ஊரைத் தாண்டித்தான் குழாய் சேரிக்கு வருகிறது. வால்வை யார் திறக்கிறார்கள்? எந்தத் தெருவுக்கு முதலில்? எவ்வளவு நேரம்? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்ததைப் பார்த்தோம். இவற்றைப் பொறியாளரின் கேள்விகள் என்று இனியும் ஒதுக்க முடியாது. கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவோம் என்கிறார்கள், நல்லது. அந்தத் தொட்டிக்குள் இறங்குவது யார்? பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது.

ஆகவே கிராமசபையில் கேட்போம்: தண்ணீர் விடும் நேரத்தைத் தெருவாரியாகச் சுவரில் எழுதுங்கள். தொட்டியைச் சுத்தம்செய்யும் இயந்திரத்தைக் காட்டுங்கள். கடைசித் தெருவில் குடம் நிறைந்த பிறகே திட்டம் நிறைவேறியது என்று ஒப்புக்கொள்வோம்.

ஜெய்பீம்.