எகிப்துக் கதைகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



செடெனாக்கில் ஒரு நாள் மன்னர்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு மாணவன் எழுந்து, "சார், அந்தக் காலத்தில் எங்கள் அப்பா மாதிரி வேலைக்குப் போனவர்களே இல்லையா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. வரலாறு என்பது அரண்மனைக்காரர்களின் சொத்து, தோட்டத்து லயத்துக்கு அதில் இடமில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டான். அவனுக்குப் பதில் சொல்ல நாம் பழைய எகிப்து வரை போகவேண்டியிருந்தது.

தமிழில் வரலாற்றுக் கதைகளுக்குக் குறைவில்லை. கல்கி 'பொன்னியின் செல்வன்' எழுதினார். சாண்டில்யனின் 'கடல் புறா' நம் கெடா மாநிலத்துக் கடாரத்தையே காட்டுகிறது. ஆனால் அவற்றின் தலைவர்கள் பெரும்பாலும் இளவரசர்கள், படைத்தலைவர்கள். அமெரிக்க எழுத்தாளர் எலாய்ஸ் ஜார்விஸ் மெக்ரா என்ற அம்மையார் 1961இல் சிறுவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதை வேறு மாதிரியானது. 'தங்கக் கிண்ணம்' என்பது அதன் பெயருக்குப் பொருள்.

ஏறக்குறைய 3,400 ஆண்டுகளுக்கு முந்திய தீப்ஸ் நகரம். ரனோஃபர் என்ற சிறுவனுக்குத் தாய் தந்தை இல்லை. தகப்பனார் பொற்கொல்லர். அந்தத் தொழிலையே கற்கவேண்டும் என்பது பையனின் ஆசை. ஆனால் அண்ணன் முறையான கெபு அவனை அடிக்கிறான், பட்டினி போடுகிறான், கல் உடைக்க அனுப்புகிறான். ஒரு நாள் கெபுவின் அறையில் மன்னர் பெயர் பொறித்த தங்கக் கிண்ணம் ஒன்று ரனோஃபர் கண்ணில் படுகிறது. அது கல்லறையில் திருடிய பொருள்! பயந்து நடுங்கினாலும் திருடர்களின் பின்னாலேயே போய் அவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். அவன் கேட்டது பொன்னல்ல, ஒரு கழுதை! நாணல் வெட்டிச் சுமந்து பிழைக்கலாம், மிச்ச நேரத்தில் தொழில் கற்கலாம் என்பது அவன் கணக்கு. உழைக்கிற வீட்டுப் பிள்ளையின் கணக்கு அல்லவா அது?

"இதெல்லாம் கற்பனைதானே?" என்பீர்கள். ரனோஃபர் கற்பனைதான். ஆனால் கதையில் வரும் தீயே அரசி உண்மையில் வாழ்ந்தவர். அவருடைய பெற்றோரின் கல்லறையை 1905இல் திறந்தபோது, பழங்காலத்திலேயே திருடர்கள் உள்ளே புகுந்து போன அடையாளம் இருந்தது. நல்ல வரலாற்றுக் கதை இப்படித்தான்: உண்மை என்னும் தரையில் கால் ஊன்றிக்கொண்டுதான் பறக்கும்.

அந்த மாணவனின் கேள்விக்கு நேரான பதிலும் எகிப்திலேயே இருக்கிறது. அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் இன்று தெய்ர் எல் மெதினா எனப்படும் ஊரில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் கூலி தானியம். மூன்றாம் ராம்சேஸ் ஆண்ட 29ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுவில், கூலி வந்து சேரவில்லை. "பசிக்கிறது" என்று சொல்லி வேலையை நிறுத்தி, கோயில்களின் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். உலகில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே என்று சொல்கிறார்கள். அதைக் குறித்துவைத்த ஏடு இன்றும் இத்தாலியில் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுதிவைத்ததனால் அல்லவா 3,000 ஆண்டுகள் கழித்தும் அவர்கள் பசி நமக்குத் தெரிகிறது?

நம் முன்னோரும் அந்த நாட்டுக்குத் தூரத்தார் அல்லர். செங்கடல் கரையில் குசேர் அல் கதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் இருக்கின்றன. இன்னொரு ஓட்டில் 'பானை ஒறி' என்றிருப்பதாக அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். நம் பாட்டிமார் மோர்ப்பானை தொங்கவிட்ட உறிதான் அது! அதே கரையில் பெரெனிகே என்ற துறைமுகக் கோயிலில், இந்தியச் சாடி ஒன்றில் சுமார் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. இவை ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமையானவை. கணனோடு கப்பலேறிய ஒரு சிறுவனைப் பற்றி நம் பிள்ளைகளில் ஒருவர் கதை எழுதக்கூடாதா?

பெற்றோர்களே, அதற்கான பயிற்சி வீட்டிலேயே தொடங்கட்டும். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. காண்டாவில் பால் சுமந்தவர்களும், விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்களும் ஒவ்வொருவராய்க் கண்மூடுகிறார்கள். அவர்களோடு நம் வரலாறும் போய்விடக்கூடாது. இன்றிரவே தாத்தா பாட்டியிடம் பிள்ளையை உட்கார வையுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், முதல் சம்பளம் எவ்வளவு, மழை நாளில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு, ஒரு பயிற்சிப் புத்தகத்தில் பெயரோடும் ஆண்டோடும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட மாணவனிடம் நாம் சொன்ன பதிலும் அதுதான்: "இருந்தார்கள், தம்பி. எழுதிவைத்தவர்கள் தெரிகிறார்கள். நீயும் எழுதிவை."