யாரு மவன்?

தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே,

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். எனக்கு அடுத்து மூன்று பிள்ளைகள் பேசுகிறார்கள். மூவருக்கும் இதுதான் முதல் மேடை. முன் வரிசையில் உட்கார்ந்து, கையிலிருக்கும் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறார்கள். நம் தமிழ்ச் சங்கத்தின் வரலாற்றைச் சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். அதைச் செயலாளர் தம் அறிக்கையிலேயே அழகாகச் சொல்லிவிட்டார். ஆகவே என் பத்து நிமிஷத்தை இந்த மூவருக்கும் கொடுத்துவிடுகிறேன்.

என் முதல் மேடை, தாராவியில் ஒரு பொங்கல் விழா. எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். தெரிந்த பெரியவர் ஒருவர் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். அடுக்குமொழி அருவியாகக் கொட்டும். ஒரு வாரம் உருப்போட்டேன். மேடையேறி இரண்டாம் பக்கம் வரை போய்விட்டேன். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. கீழே தரையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி கேட்டார்: “ஏலே, நீ யாரு மவன்?”

கூட்டம் சிரித்தது. எனக்கோ அது ஒன்றுதான் பதில் தெரிந்த கேள்வி. அப்பா பெயரைச் சொன்னேன். தோல் ஷாப்பில் வேலை என்றேன். ஊரில் பொங்கலுக்கு எங்கள் ஆச்சி வீட்டு வாசலில் பனங்கிழங்கு அவிப்பார்கள், இங்கே சால் என்னும் வரிசைக் குடியிருப்பில் ஒரே அடுப்பில் நான்கு வீட்டுப் பொங்கலும் முறைபோட்டு வேகும் என்றேன். மூன்று நிமிஷம் பேசியிருப்பேன். பனங்கிழங்குக்குக் கைதட்டினார்கள்.

ஏன் என்று அன்று எனக்குப் புரியவில்லை. பிறகு திருக்குறளின் பொருளடக்கத்தைப் பார்த்தபோது புரிந்தது. அவையஞ்சாமை 73-ஆம் அதிகாரம். அதற்கு முந்தியது, 72, அவையறிதல். எதிரே இருப்பவர் யார் என்று முதலில் தெரிந்துகொள். பயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வள்ளுவர் வைத்த வரிசை அது. நாமோ பிள்ளைகளிடம் “பயப்படாதே, பயப்படாதே” என்று 73-லிருந்தே ஆரம்பிக்கிறோம்.

இந்த ஊரிலேயே அதற்கு ஒரு சாட்சி உண்டு. 1891-ல் லண்டனில் பாரிஸ்டராகித் திரும்பிய ஓர் இளைஞர், பம்பாய்ச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்குக்கு எழுந்தார். கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். அந்த வழக்கை வேறொரு வக்கீல் 51 ரூபாய்க்கு நடத்தினார். அந்த இளைஞர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

ஐந்தாண்டு கழித்து, 1896 செப்டம்பர் 26, மறுபடியும் பம்பாய். தென்னாப்பிரிக்க இந்தியர் படும் பாட்டைச் சொல்ல வந்திருந்தார். கூட்டத்தைக் கூட்டியவர் பம்பாய்த் தலைவர் பிரோஸ்ஷா மேத்தா. எழுதாமல் பேசப்போகிறேன் என்றவரை, முந்தைய நாளே எழுதி அச்சடிக்க வைத்தவரும் அவரே. மண்டபம் நிரம்பி வழிந்தது. காந்தி நடுங்கிக்கொண்டே வாசித்தார். மேத்தா “இன்னும் உரக்க, இன்னும் உரக்க” என்று ஊக்கப்படுத்த, குரல் இன்னும் உள்ளே போயிற்று. நண்பர் ஒருவர் தாளை வாங்கினார். கூட்டம் அவரையும் விடவில்லை. “வாச்சா! வாச்சா!” என்று கத்தியது. பம்பாய் நன்கறிந்த தின்ஷா வாச்சா எழுந்து வாசித்தார். மண்டபம் அடங்கியது. தாள் அதே தாள்தான்.

சரியாக ஒரு மாதம் கழித்து. அக்டோபர் 26, சென்னை, பச்சையப்பன் மண்டபம். அங்கும் அச்சடித்த உரைதான், நீளமான உரை. ஆனால் சென்னை ஒவ்வொரு சொல்லையும் கேட்டது. முதலாளி அடித்ததில் பல் உடைந்து, ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி டர்பனில் காந்தியிடம் வந்து நின்ற பாலசுந்தரத்தின் கதை அந்தச் சபையை உலுக்கியது. பாலசுந்தரம் ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழர். சென்னையில் கேட்டவர்களுக்கு அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் தென்னாப்பிரிக்க இந்தியர் நிலை பற்றிக் காந்தி எழுதிய பச்சை அட்டைப் பிரசுரத்துக்குப் பெரும் கிராக்கி. 10,000 படிகள் மறுபதிப்புப் போட்டார்.

ஆகவே பிள்ளைகளே, ஆயத்தம் என்பது கண்ணாடி முன்னால் நின்று கையை வீசுவதல்ல. யார் வருகிறார்கள் என்று விசாரியுங்கள். இங்கே திருநெல்வேலித் தமிழ் இருக்கிறது, பாலக்காட்டுத் தமிழ் இருக்கிறது, மராத்திப் பள்ளியில் படித்துவிட்டு அம்மாவிடம் மட்டும் தமிழ் பேசும் பிள்ளையும் இருக்கிறது. எழுதியதை வீட்டில் உரக்கப் படியுங்கள். பத்துக்குப் பத்து அறையில் ரகசியமாக ஒத்திகை பார்க்க முடியாதுதான். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கேட்கும். நல்லது, அவர்தான் உங்கள் முதல் அவை. “அப்படின்னா என்னடா?” என்று அவர் கேட்கும் இடத்தில் சொல்லை மாற்றுங்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். தாளைப் பார்த்துப் படிப்பதில் வெட்கமில்லை. மேடையிலிருக்கும் எல்லோருக்கும் பெயர் சொல்லி வணக்கம் வைத்தே நேரத்தைத் தீர்க்காதீர்கள். எங்களுக்குத்தான் பொன்னாடை போர்த்திவிட்டார்களே. சாலில் வளர்ந்தவர்கள் சால் என்றே சொல்லுங்கள். நடுவில் ஓர் இந்திச் சொல் விழுந்தால் தமிழ் கோபித்துக்கொள்ளாது. கை நடுங்கினால் நடுங்கட்டும்.

கடைசியாகப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அவையை அறிவது பேசுபவர் கடமை என்றால், அவையாக இருப்பது நம் கடமை. மணி பன்னிரண்டரை. சாம்பார் வாசனை எனக்கும் வருகிறது. இந்த மூவரும் பேசி முடிக்கும் வரை பந்திக்கு எழுந்திருக்காதீர்கள். செல்பேசியைப் பையில் போடுங்கள். ஒரு பிள்ளை நடுவில் நின்றுவிட்டால் “வாச்சா” என்று கத்தாதீர்கள். யாராவது ஒருவர், அந்த ஆச்சி கேட்டதைக் கேளுங்கள். மிச்சத்தைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.