பச்சிலைதானே என்று எண்ணாதீர்கள்



வாசலில் துளசி, கொல்லையில் கற்பூரவல்லி, வேலியோரம் ஆடாதொடை, வரப்பில் கீழாநெல்லி. இவை இல்லாத ஊர் நம் திண்டுக்கல் சீமையில் உண்டா? சளிக்குத் துளசிக் கஷாயம், பொருமலுக்கு ஓமத் தண்ணீர் என்று பாட்டி காலத்திலிருந்து குடித்து வருகிறோம். அதை விடச் சொல்லி நான் வரவில்லை. "பச்சிலைதானே, என்ன பண்ணிடும்?" என்கிறோமே, அந்தப் பேச்சைத்தான் விடச் சொல்கிறேன்.

ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக் கிழங்கு பயிர் செய்கிறார்கள். அதுதான் செங்காந்தள், நம் மாநில மலர். அதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின், மூட்டுவீக்கத்துக்கு மருந்து. ஒரு மாத்திரையில் அரை மில்லிகிராம்தான் இருக்கும். அதே செடியின் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்றால் வாந்தி, பேதி கண்டு உயிரே போகலாம். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. மருந்தாவதும் நஞ்சாவதும் அளவிலேதான் இருக்கிறது.

கைக்குழந்தை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மலேசியாவில் குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் வலிப்பு வந்து, மூளையும் ஈரலும் கெட்டதை 1981-இல் டாக்டர்கள் மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். இறந்த குழந்தைகளும் உண்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். வசம்பு, விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் புகட்ட வேண்டாம்.

கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எந்தக் கஷாயமும், சூரணமும் சாப்பிடக் கூடாது. காமாலை கண்டால் கீழாநெல்லியை நம்பி ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்று, வெளியே பேசக் கூச்சப்படுகிற விஷயம். நாள் தள்ளிப்போனால் எருக்கம்பால், எருக்கங்குச்சி என்று மறைவாகத் தேடுகிறவர்கள் உண்டு. அதனால் உதிரம் கொட்டியும், கர்ப்பப்பை சீழ் பிடித்தும் செத்துப்போகிற ஆபத்து இருக்கிறது. சட்டம் குறிக்கும் காரணங்களுக்காகக் கர்ப்பத்தைக் கலைக்க 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். ரகசியம் காக்கப்படும். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதமே போதும். கணவன்மார்களே, அவளைத் தனியே தவிக்கவிடாமல் கூடவே போங்கள். பிள்ளை வேண்டாமென்றால் முன்கூட்டியே காப்பர்-டியோ, மாத்திரையோ, ஆணுறையோ இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

நினைவில் வையுங்கள்:

1. செடியை ஐயமறத் தெரிந்தால் மட்டும் பறியுங்கள். பூச்சிமருந்து அடித்த வயலோரத்தில் பறிக்காதீர்கள்.

2. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் சிறுகுறிஞ்சானும் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

3. பேதியானால் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுங்கள். ரத்தபேதியென்றால் உடனே டாக்டரிடம் போங்கள்.

4. பாம்பு கடித்தால் சிறியாநங்கை அரைத்துக்கொண்டிருக்காதீர்கள். விஷமுறிவு ஊசிதான் மருந்து. 108-ஐக் கூப்பிடுங்கள்.

5. தவறான இலையோ கிழங்கோ சாப்பிட்டுவிட்டால், மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மூலிகை வைத்தியம்தான் வேண்டுமென்றால் அரசு சித்த மருத்துவரிடமே போகலாம். ஆளைப் பார்த்து, அளவு சொல்லிக் கொடுப்பார்.

கொல்லையில் செடி இருக்கட்டும். கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக் கொடுங்கள்.