இல்லத் தோட்டமும் கொல்லா விரதமும்

(விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முதல் தீர்த்தங்கரராகிய விருஷபதேவர், துறவு மேற்கொள்ளுமுன், மக்கள் பிழைத்திருக்கும் பொருட்டு ஆறு தொழில்களைக் கற்பித்தருளினார் என்பது நம் மரபு. வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்னும் அவ்வாறனுள் உழவை இறுகப் பற்றியவர்கள் தமிழ்ச் சமணர்கள். வடபுலத்துச் சமணருள் பெரும்பாலோர் வாணிகத்தை நாடினர். நம் முன்னோரோ வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நிலத்தை உழுது வாழ்ந்தனர். இன்று நம்மில் பலர் நகரத்து அடுக்ககங்களில் வாழ்கின்றோம். கொல்லைப்புறமும் அவரைப் பந்தலும் நினைவாகிவிட்டன. ஆயினும் மொட்டை மாடியிலும் பலகணி ஓரத்திலும் சில காய்கறிகளை நாமே வளர்த்துக்கொள்ள இயலும்.

இதைச் சொன்னவுடன் நம் இல்லங்களில் ஓர் ஐயம் எழுவதுண்டு. மண்ணைக் கிளறினால் சிற்றுயிர்கள் மடியாவோ? செடியில் புழு வந்தால் என் செய்வது? அதனினும் கடையில் வாங்கி உண்பது குற்றம் குறைந்ததன்றோ? இந்த ஐயம் மதிக்கத்தக்கது. அதை ஒதுக்கிவிட்டுத் தோட்டத்தைப் பற்றி நம்மிடையே பேசுவதில் பொருளில்லை.

இல்லறத்தாருக்கு நேரும் இம்சையை நம் ஆசிரியர்கள் நான்காக வகுத்தனர். கொல்ல வேண்டும் என்று கருதியே செய்வது சங்கல்ப இம்சை; இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை; தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை; தற்காப்பில் நேர்வது விரோதி இம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் முற்றிலும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். இனிக் கடைக் காயை எண்ணிப் பாருங்கள். பூச்சியைக் கொல்லுவதற்கென்றே பன்முறை நஞ்சு தெளித்து விளைவிக்கப்பட்ட காயை வாங்குகின்றோம். தெளித்த கை நம்முடையதன்று. ஆனால் தெளிக்கத் தூண்டிய தேவையில் நமக்கும் பங்குண்டு. எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லியை உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு தடை செய்தது. அதற்குள் கேரளத்தின் காசர்கோட்டு மக்கள் பட்ட துன்பத்தை நாடே கண்டுவிட்டது. நஞ்சு புழுவோடு நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிகழ்வதால் இம்சை இல்லாமற் போய்விடுவதுமில்லை. வீட்டுத் தொட்டியில் நேர்வதோ நம் கண்முன் நேர்கிறது. ஆகவே அதைக் குறைக்கவும் நம்மால் இயலும்.

குறைக்கும் வழியை நம் நூல்களே காட்டுகின்றன. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் குணவிரதங்களுள் ஒன்றாக அனர்த்த தண்ட விரதத்தை விளக்குகிறது. பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றை அவ்விரதம் விலக்குகிறது. சுற்றுச்சூழல் என்னும் சொல் வழக்குக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நிலமும் நீரும் உயிருள்ளவை எனக் கருதி வகுத்த ஒழுக்கம் இது. இவ்விரதத்தையே நம் தோட்டத்தின் விதியாகக் கொள்வோம்.

முதலாவது மண். செம்மண், மக்கிய சாண எரு, தென்னைநார்க் கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து ஒரு முறை நிரப்பினால் போதும். ஒவ்வொரு பயிருக்கும் மண்ணைக் கொட்டிக் கிளற வேண்டியதில்லை. முதிர்ந்த செடியைப் பிடுங்காமல் அடியில் அறுத்துவிட்டு, வேரை மண்ணிலேயே மக்கவிடலாம். மேலே காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் காக்கும். உள்ளே வாழும் உயிர்களும் வெயிலினின்று பிழைக்கும். கிழங்குகளை விலக்கும் நமக்கு, அகழ்ந்தெடுக்கும் பயிரே தேவையில்லை என்பதும் நன்மையே.

இரண்டாவது பூச்சி. இளஞ்செடிக்கு மெல்லிய வலை போர்த்தினால் வண்ணத்துப்பூச்சி முட்டையிட வாராது. வேப்பெண்ணெய்க் கரைசலும் பூச்சியின் வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதை அறிந்திருங்கள். ஒட்டிக் கொல்லும் மஞ்சள் அட்டையும் நமக்கு ஏற்றதன்று. புழு வந்துவிட்டால், அது இருக்கும் இலையோடு கிள்ளி, அதே இனத்துச் செடி ஒன்றை ஓரமாக ஒதுக்கி அதில் விட்டுவிடலாம். ஒரு செடி அவற்றின் பங்காகப் போகட்டும். அசுவினி பெருகினால் அதை உண்ணும் பொறிவண்டு தானே வந்து சேரும்.

மூன்றாவது நீர். அரிசியும் காயும் கழுவிய நீரே சில தொட்டிகளுக்குப் போதும். காலையில் ஊற்றுங்கள். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதை மறக்கலாகாது. லாரி நீரை வாங்கித் தக்காளி வளர்ப்பது சுற்றுச்சூழல் பணியன்று. புதிய பிளாஸ்டிக் பைகளை வாங்கிக் குவிப்பதும் அத்தகையதே. பழைய வாளியும் உடைந்த குடமும் போதும்.

நான்காவது பருவம். ஆடியில் ஊன்றிய அவரை மார்கழி, தையில் காய்க்கும். வெண்டை ஏறத்தாழ 45 நாளில் முதற்காய் தரும். மழைக்காலத்தில் கீரையை விலக்கும் நோன்புடையோர் தைக்குப் பின் விதைத்தால் ஒரு மாதத்திற்குள் பறிக்கலாம். பகலொளியில் பறித்து, ஒவ்வோர் இலையையும் புரட்டிப் பார்த்து, பொழுது சாயுமுன் சமைத்து உண்பதற்கு வீட்டுத் தோட்டத்தைக் காட்டிலும் ஏற்ற இடம் வேறில்லை.

பத்துத் தொட்டிகள் ஒரு குடும்பத்தின் காய்த் தேவை முழுவதையும் நிறைவு செய்யா. ஆயினும் காய்த்தோலும் சருகும் எருவாகி வீட்டிலேயே தங்கும். அவை குப்பை மலைகளின் அடியில் அழுகினால் மீத்தேன் வாயுவாக வெளிப்பட்டுப் புவியின் வெப்பத்தைப் பெருக்கும். நாம் இன்றே தொடங்கக்கூடிய பெரும்பயன் இதுவே.

அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. நான்கு வெண்டைக்காய்க்காக ஒன்றரை மாதம் காத்திருந்த பிள்ளை, தட்டில் ஒன்றையும் வீணாக்காது. நுகர்பொருளுக்கு எல்லை வகுக்கும் போகோபபோக பரிமாண விரதத்தைச் சொல்லிக் கற்பிப்பது கடினம். செடி அதை எளிதில் கற்பிக்கும். ஆகவே வரும் ஆடிப் பட்டத்தில் ஒவ்வோர் இல்லமும் ஓர் அவரை விதையேனும் ஊன்றுக எனவும், அதைப் பேணும் பொறுப்பை வீட்டின் இளையவரிடம் ஒப்படைக்க எனவும் வேண்டி அமைகின்றேன்.

அறம் வளர்க! அனைத்துயிரும் வாழ்க!