உழைப்பின் விலையை நாமே உரைப்போம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



25 ஆண்டுகளுக்கு முன் இக்கழகத்தைத் தோற்றுவித்த முன்னோர் கண்ட கனவு ஒன்றே ஒன்றுதான்: நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். அக்கனவு பெருமளவு நனவாயிற்று. படித்தவருள் சிலர் அரசுப் பணிக்குச் சென்றனர். பலரோ தொழிற்பயிற்சி பெற்று, மின்பணி, குழாய்ப்பணி, வண்ணம் பூசுதல், கொத்து வேலை, தையல், வாகனப் பழுது நீக்கல் என்று சொந்தத் தொழில் செய்து வாழ்கின்றனர். மேளமும் பறையும் முழக்கும் கலைஞர்களும் நம்மிடையே உள்ளனர். இவர்கள் யாரிடமும் மாதச் சம்பளம் வாங்குவதில்லை. தம் உழைப்பின் விலையைத் தாமே சொல்ல வேண்டியவர்கள். அவ்விலையை எவ்வாறு கணக்கிடுவது, எவ்வாறு சொல்வது என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள்.

"பார்த்துக் கொடுங்கள்"

வேலை முடிந்து கை கழுவி நிற்கும் நம் தோழரிடம், "எவ்வளவு ஆயிற்று?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். நம்மவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்கள் பார்த்துக் கொடுங்கள்" என்கிறார். இதைப் பணிவு என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், அந்தச் சொல் வாயிலிருந்து வெளிப்பட்ட அந்த நொடியே நம் உழைப்பை மதிப்பிடும் உரிமை எதிரில் நிற்பவர் கைக்குப் போய்விடுகிறது. அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, தெருமுனை திரும்பியபின் மனம் புழுங்குகிறோம். இவ்வனுபவம் இல்லாதவர் இவ்வவையில் எத்தனை பேர் இருக்க முடியும்?

கடைக்குச் சென்று ஒரு மின்கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு, "பார்த்துக் கொடுக்கிறேன்" என்று நாம் சொன்னால் கடைக்காரர் விடுவாரா? பொருளுக்கு விலை உண்டென்று அனைவரும் ஒப்புகிறார்கள். அப்பொருளைப் பொருத்தி விளக்கெரியச் செய்த கைக்கு மட்டும் விலை அவரவர் மனத்தைப் பொறுத்ததாயிருப்பது ஏன்? இதற்கு விடை காண நாம் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

களத்து மேட்டில் அளந்த நெல்

தாமிரபரணி பாயும் இவ்வட்டாரத்தில் காரும் பிசானமும் விளைந்து, களத்தில் பொலி தூற்றி முடிந்ததும், ஊர்ப் பணி செய்தோர்க்கு நெல் அளந்து கொடுக்கும் வழக்கம் இருந்தது. அப்பங்கிற்குச் "சுதந்திரம்" என்று பெயர். அச்சொல்லுக்கு உரிமை என்பது பொருள். பெயரில் உரிமை இருந்ததேயன்றி நடைமுறையில் அது எவ்வளவு இருந்தது? ஆண்டு முழுவதும் எத்தனை நாள், எத்தனை இரவு பணி செய்தோம் என்பதற்குக் கணக்கில்லை. அளவைக் கூட்டிக் கேட்க வழியில்லை. பணியை மறுக்கவும் இடமில்லை. "வழக்கம்" என்ற ஒரு சொல்லே எல்லாக் கேள்விகளுக்கும் விடையாக வைக்கப்பட்டது.

இது நம் மாவட்டத்திற்கு மட்டும் உரிய கதையன்று. மராட்டிய நாட்டில் மகர் மக்கள் "வதன்" என்னும் பரம்பரைப் பணி முறையால் கட்டுண்டிருந்தனர். அரசுக்கும் ஊருக்கும் இரவு பகலாக ஊழியம். அதற்கு ஈடாகச் சிறுதுண்டு நிலமும், ஊரார் அளக்கும் "பலூதா" என்னும் தானியமும். அண்ணல் அம்பேத்கர் 1928-ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் இம்முறையைத் திருத்த ஒரு மசோதா கொணர்ந்தார். ஊரார் மனம்போல் அளக்கும் தானியத்திற்கு மாற்றாகப் பணமாகக் கணக்கிட்டுத் தரவேண்டும் என்பது அம்மசோதாவின் நோக்கங்களுள் ஒன்று. கணக்கிட முடியாத கூலி அடிமைத்தனத்தின் மற்றொரு முகம் என்பதை அன்றே அவர் கண்டுகொண்டார். அப்பணிமுறை 1958-ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் ஒழிக்கப்பட்டது.

நெல் அளப்பது நின்றுவிட்டது. ஆனால், "பார்த்துக் கொடுங்கள்" என்னும் சொல்லில் அந்தப் பழைய களத்து மேடு இன்னும் ஒளிந்திருக்கிறது.

சட்டம் துணை நிற்கும் இடமும் நிற்காத இடமும்

1942 முதல் 1946 வரை அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்தார். குறைந்தபட்சக் கூலி மசோதா அவரால் 1946-இல் முன்வைக்கப்பட்டு, 1948-இல் சட்டமாயிற்று. அச்சட்டத்தின் இடத்தை இப்போது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு ஏற்றிருக்கிறது. அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982-இல் உச்ச நீதிமன்றம், தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது.

கூலி கேட்பது நம் மண்ணில் எளிதாயிருந்ததில்லை. நம் மலைமேல் உள்ள மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கூலி உயர்வுக் கோரிக்கைக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் சென்றது. காவல் துறையினரின் தடியடியை அடுத்துத் தாமிரபரணி ஆற்றில் 17 உயிர்கள் மாண்டன. அவர்களுள் ஒரு பச்சிளங் குழந்தையும் உண்டு. நாம் குளிக்கும் இதே ஆறு அதற்குச் சாட்சி. உரிய கூலி என்பது வெறும் பணக்கணக்கு அன்று என்பதை இதனினும் தெளிவாக எவரும் நமக்குச் சொல்ல முடியாது.

எனினும் ஒன்றை நாம் உணர வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு ஒரு முதலாளி உண்டு. சட்டம் அம்முதலாளியைக் கேள்வி கேட்கும். சொந்தமாகத் தொழில் செய்பவருக்கோ இன்றொரு வீடு, நாளையொரு கடை. அவருடைய கட்டணத்துக்கு இன்னதே அடித்தளம் என்று பொதுவாக எந்தச் சட்டமும் வரையறுப்பதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 70-ஆம் பிரிவில் ஒரு துணை தருகிறது: இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறைப்படி செய்த வேலையின் பயனை மற்றவர் துய்த்தால், அவர் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர். ஆயினும் 400 ரூபாய்க்காக நீதிமன்றப் படியேறுவார் யார்? ஆகவே, அடித்தள விலையை நாமே கணக்கிட்டு, வேலை தொடங்குமுன் நாமே சொல்ல வேண்டியவர்களாயிருக்கிறோம்.

கணக்கிடும் முறை

"பக்கத்துத் தெருக்காரர் 600 வாங்குகிறார், நாம் 550 வாங்குவோம்" என்பது கணக்கன்று. நம் வாழ்க்கையிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு மின்பணியாளரின் மாதக் கணக்கை இவ்வாறு வைத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்திற்காக நாம் கொண்டவை. அவரவர் தம் தொகையை இட்டுக்கொள்ளலாம்.

வீட்டுச் செலவும் பிள்ளைகளின் படிப்பும் 18,000 ரூபாய். நோய்க்கும் முதுமைக்கும் ஒதுக்கு 2,400 ரூபாய். வண்டி, எரிபொருள், தொலைபேசி 2,000 ரூபாய். கருவிகளின் தேய்மானம் 1,600 ரூபாய். ஆக மொத்தம் 24,000 ரூபாய்.

இதை 30 நாளால் வகுப்பவர் ஏமாறுவார். ஞாயிறு உண்டு, திருவிழா உண்டு, மழை உண்டு, வேலை வராத நாளும் உண்டு. உண்மையில் வேலை கிடைக்கும் நாள் 20 என்று கொண்டால், ஒரு நாளுக்கு 1,200 ரூபாய் வரவேண்டும். அந்த நாளிலும் 8 மணி நேரமும் கை வேலையாக அமைவதில்லை. பொருள் வாங்கச் செல்வதிலும், பார்வையிட்டு மதிப்புச் சொல்வதிலும் 2 மணி கழிந்தால், எஞ்சும் 6 மணிக்கு மணிக்கு 200 ரூபாய். இதுவே அவருடைய அடித்தளம். இதற்குக் கீழே வாங்கினால் அவர் தம் பிள்ளையின் கல்விப் பணத்தையோ, தம் முதுமையையோ எடுத்து வாடிக்கையாளருக்கு நன்கொடை அளிக்கிறார் என்பதே பொருள்.

சுவரில் துளையிடும் பொறி தேய்கிறது. தையல் இயந்திரம் தேய்கிறது. பறையின் தோல் தளர்கிறது. நம் முதுகெலும்பும் தேய்கிறது. தேய்மானத்தைக் கணக்கில் சேர்க்காதவர், பொறி பழுதான அன்று வட்டிக்கடை வாசலில் நிற்பார்.

அடித்தளத்திற்கு மேல் திறமைக்கும் இடருக்கும் விலை உண்டு. உயரத்தில் ஏறிச் செய்யும் வேலைக்கும், நள்ளிரவில் அழைத்துச் செய்விக்கும் வேலைக்கும் கூடுதலாகக் கேட்பது பேராசையன்று. கட்டுமான வேலை செய்வோர், பொதுப்பணித் துறை வெளியிடும் விலை விகிதப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

நியாயம் இருபுறமும் வேண்டும்

உரிய விலை கேட்பவர் உரிய வேலை தரக் கடமைப்பட்டவர். எனவே சில ஒழுங்குகளை நாம் மேற்கொள்ள வேண்டும். வேலை தொடங்குமுன் மதிப்பீட்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல். பொருளின் விலையையும் கைக்கூலியையும் தனித்தனியே காட்டுதல். கடைச் சீட்டை ஒப்படைத்தல். இடையில் வேலை கூடினால் அப்போதே சொல்லி ஒப்புதல் பெறுதல். சொன்ன நாளில் முடித்தல். பிழை நம்முடையதானால் கட்டணமின்றித் திருத்துதல். ஆளைப் பார்த்து, வீட்டின் உயரத்தைப் பார்த்து விலை சொல்வது நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை நாமே பிறர்க்கு இழைப்பதாகும்.

நமக்குள்ளேயும் ஒரு குறை உண்டு. வெளியூர்த் தச்சருக்குக் கேட்ட தொகையைக் கொடுக்கும் நாம், நம் தெருத் தம்பி வேலை செய்தால், "நமக்குள் என்ன கணக்கு?" என்கிறோம். நம் தெருப் பெண் இரவெல்லாம் கண்விழித்துத் தைத்த சட்டைக்கு அடுத்த மாதம் பணம் தருகிறோம். உறவு வேறு, கூலி வேறு. சலுகை காட்ட வேண்டுமாயின் அதைச் செய்பவர் மனமுவந்து காட்டட்டும். வாங்குபவர் உரிமையாகக் கேட்கலாகாது. வீட்டிலிருந்து தைக்கும் சகோதரிகள், "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில்தானே" என்னும் சொல்லுக்கு இணங்கி விலையைக் குறைத்துவிட வேண்டா. அடுப்பிற்கும் குழந்தைக்கும் இடையே கண்டெடுத்த நேரம் மலிவான நேரமன்று.

பறை முழக்கும் தோழர்களுக்கும் ஒரு சொல். கலை மேடைக்கு அழைத்தால் குழுவில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், போக்குவரத்து யார் பொறுப்பு என்று பேசி, முன்பணம் பெற்று, செல்லுங்கள். வழக்கம் என்ற பெயரால் இழவு வீட்டிற்கு வந்தே தீர வேண்டும் என்று எவரேனும் சொன்னால், "வர இயலாது" என்று மறுக்கும் உரிமையை அரசியலமைப்பு நமக்கு அளித்திருக்கிறது. மறுக்க முடிந்தவனுக்கே விலை சொல்லவும் முடியும்.

கழகம் செய்யத்தக்கவை

"எல்லாரும் கூடி ஒரே விலை என்று முடிவு செய்துவிடலாமே?" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். போட்டியிடும் தொழில் செய்வோர் தமக்குள் உடன்பட்டு விலையை நிர்ணயிப்பதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் ஏற்பதில்லை. அன்றியும் அனைவர்க்கும் ஒரே திறமை, ஒரே செலவு என்பதுமில்லை. ஆகவே நாம் விலையை வகுக்க வேண்டா. கணக்கிடும் முறையைக் கற்பிப்போம். மாலை வகுப்புகளில் மதிப்பீடு எழுதவும் பற்றுச்சீட்டுப் போடவும் பயிற்சி அளிக்கலாம். உடலுழைப்புத் தொழிலாளர்க்காகத் தமிழ்நாட்டில் அமைந்துள்ள நலவாரியங்களில் தகுதியுள்ள ஒவ்வொருவரையும் பதிவு செய்விக்கலாம். பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்கு கற்பிக்கும் நாம், அவர்தம் தந்தையின் ஒரு நாள் உழைப்பின் கணக்கையும் போட்டுப் பார்க்கச் செய்வோம்.

அன்பர்களே! எழுத்தறிவு பெற்றதன் பயன் கையொப்பம் இடுவதோடு முடிந்துவிடுவதில்லை. எதிரில் இருப்பவரின் முகத்தை நேரே நோக்கி, குரல் தாழாமல், அதே நேரத்தில் கடுமையும் இல்லாமல், "இவ்வேலைக்கு இவ்வளவு ஆகும்" என்று சொல்லும் நாளே நம் கல்வி நிறைவுறும் நாள். முதல் முறை நா தழுதழுக்கும். சில வேலைகள் கைநழுவியும் போகும். அதற்கு அஞ்சிப் பழைய களத்து மேட்டிற்குத் திரும்ப வேண்டா. நம் பாட்டனார் நெல்லாய் வாங்கிய "சுதந்திரம்" பெயரளவில் நின்றது. நாம் பெறும் கூலியில் அதன் பொருளும் சேர்ந்து வரட்டும்.

வாழ்க உழைப்பு! வளர்க கல்வி!